வண்டி கழுவிய தண்ணீர்

என் அம்மா எஸ்தர்
பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் கழுவுகிறாள்.
சைக்கிள் இல்லை, ஆட்டோ இல்லை,
இருபத்திரண்டு பெட்டி வைத்த ரயில்!
உண்மையைச் சொன்னால்
அம்மாவும் இன்னும் பதினோரு பேரும்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் பள்ளி.
வேலிக்கு இந்தப் பக்கம்
வால்வு மேடையில் உட்கார்ந்திருப்பேன்.
சின்னப் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது.
தண்ணீருக்கு அந்தச் சட்டம் தெரியாது.
வண்டி கழுவிய தண்ணீர்
வேலிக்கடியில் நுழைந்து
என் செருப்பைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

ஜோத்பூர் வண்டி என்றால் மஞ்சளாய் வரும்,
வெயிலைக் கரைத்து ஊற்றின மாதிரி.
ஜன்னல் இடுக்கில், விசிறிச் சிறகில்,
மேல் படுக்கையின் மடிப்பில்கூட மணல்.
"மூணு தரம் பீய்ச்சினாலும் போவாதுடி" என்பாள் அம்மா.

நிலக்கரி ஊர்களின் வழியே வந்த வண்டி
தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும்.
அசாம் வண்டியின் ஜன்னல் ரப்பரில் பச்சைப் பாசி;
மூன்று நாள் வெயிலில் ஓடி வந்தும் காயவில்லை,
அங்கே அப்படி ஒரு மழை!
ஹவுரா வண்டியில் பொரியும் கடுகெண்ணெய் வாசமும்.
கோரக்பூர் வண்டியில் கரும்புச் சக்கை.
ஜம்முவிலிருந்து வந்ததில்
பாதி வால்நட் ஓடு, மூளை மாதிரி.
"பனி எங்கம்மா?"
"ஆந்திராவிலயே உருகிப் போச்சாம்."

எல்லாவற்றையும்
ஒரு பவுடர் டப்பா மூடியில் அள்ளி வைத்திருந்தேன்.

பிலோமினா டீச்சர் வரைபடம் கொடுத்தார்,
உள்ளே கோடு மட்டும் போட்ட இந்தியா.
"வண்ணம் தீட்டிட்டு வாங்க."
மோனிஷாவிடம் இருபத்துநான்கு கலர் பென்சில்.
என்னிடம் நான்கு, அதில் சிவப்பு முனை உடைந்தது.
அதனால்
பசை தடவினேன்.

ராஜஸ்தான் சொரசொரவென்று ஆனது.
ஜார்க்கண்டைத் தொட்டவன் விரலெல்லாம் கரி.
நாக்பூரில் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல் வைத்தேன்,
அது காய்ந்து சுருண்டு
பக்கத்து மாநிலத்தின் மேல் ஏறிவிட்டது.
காகிதம் கனத்தது. ஒரு கையால் தூக்க முடியவில்லை.
எல்லா ஊரிலும் கொஞ்சம் ஃபினாயில் வாசம்.

"லடாக் ஏன் காலி?" என்றார் டீச்சர்.
"அங்க ரயில் போகாது டீச்சர்."
"லட்சத்தீவு?"
"கடல்ல தண்டவாளம் போடலையே."
வகுப்பே சிரித்தது.
டீச்சர் சிரிக்காமல் விரலைக் கீழே இறக்கினார்.
"சரி, தமிழ்நாடு?"

எனக்கு வாய் வரவில்லை.
வந்த வண்டியை எல்லாம் பார்த்தேனே,
போகிற வண்டியைப் பார்த்தேனா?
இங்கிருந்து போகிற பெட்டியையும்
ஜோத்பூரில் யாரோ கழுவுவார்கள்.
அங்கேயும் ஒரு வேலி இருக்கும்.
அந்தத் தண்ணீர் என்ன நிறம்?

அம்மாவிடம் கேட்டேன்.
"புளிச்சோறு, பூச்சரம், உரிச்சுப் போட்ட கடலைத்தோல்.
வேறென்ன? போய் மூஞ்சி கழுவு."

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு நடந்தேன்.
ஒரு பிடி ஈர மணல்,
அதில் கடுகளவு சிப்பிகள் இருபது முப்பது,
ஒரு மீன் செதில் தானாகவே ஒட்டிக்கொண்டது.
பேப்பரில் மடித்து அம்மாவிடம் நீட்டினேன்.
"ஜோத்பூர் வண்டியில,
ஏதாவது ஒரு சீட்டுக்கு அடியில."

"அடியே! காலையிலேர்ந்து குனிஞ்சு
மண்ணு எடுக்கறவகிட்ட
மண்ணு போடச் சொல்றியா?"
துண்டை உதறிக்கொண்டு அடிக்க வந்தாள்.
பொட்டலத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

வண்டி போய் ஒரு வாரம் ஆகிறது.
என் வரைபடத்தில் நம் ஊர் இன்னும் காலி.
இன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது,
பன்னிரண்டு குழாயும் திறந்தாயிற்று.
வால்வு மேடையிலிருந்து இறங்கி
குனிந்து பார்க்கிறேன்.

மஞ்சள்.
மஞ்சள்.
இன்னும் மஞ்சள்.